வெயிலில் வாடும் புல்தரை: தண்ணீர் போதும், மருந்து வேண்டாம்

சீனப் பெருநாள் வெடிச்சத்தம் அடங்கி, தைப்பூசக் காவடிகளை இறக்கி வைத்த கையோடு ராசா பக்கத்து வீடுகளில் ஒரு மாற்றத்தைப் பார்க்கலாம். டிசம்பரில் பச்சைக் கம்பளமாக இருந்த வாசல் புல், பிப்ரவரியில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "செத்துப் போச்சும்மா, பேசாம சிமெண்ட் போட்டுடலாம்" என்பார். எதிர்வீட்டு அண்ணன், "கடையில ஒரு போத்தல் மருந்து வாங்கி அடிச்சுட்டு, புதுப் புல்லு போடுங்க" என்பார்.

இரண்டுமே தேவையில்லை. அந்தப் புல் பெரும்பாலும் சாகவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கிறது. அதைக் காப்பாற்ற வாரத்தில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதையும், மருந்துப் போத்தலை ஏன் எங்கள் வீட்டு வாசலுக்குள் விடுவதில்லை என்பதையும் இந்த வாரம் பார்ப்போம்.

நமக்குக் கோடை எப்போது?

தமிழ்நாட்டில் சித்திரை, கத்திரி என்று கோடைக்கு நாள் குறித்துச் சொல்லிவிடலாம். நமக்கு அப்படி இல்லை. தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை கூடும், இரண்டு முறை குறையும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நல்ல மழை. இடையில் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு காய்ச்சல். ஜூன், ஜூலையில் இன்னொரு காய்ச்சல். நம் வாசல் புல்லுக்கு இவைதான் கோடை.

நெகிரி செம்பிலானுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. தீபகற்பத்திலேயே மழை குறைந்த பகுதி என்று சொல்லப்படும் ஜெலுபு நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. மலைத்தொடர் மழை மேகத்தைத் தடுத்துவிடுவதால் அங்கே இந்த நிலை. 2014 பிப்ரவரியில் மாநில அரசு தண்ணீர் நெருக்கடியை அறிவித்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே புல்லைப் பற்றிப் பேசும்போதே தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் வாசலில் இருப்பது என்ன புல்?

கவனிப்பைத் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் தாமான்களில் பொதுவாக நான்கு வகைகளைப் பார்க்கலாம்.

முதலாவது, கவ் கிராஸ். இலை அகலமாக, தடிப்பாக இருக்கும். வீட்டுமனை நிறுவனங்கள் பெரும்பாலும் இதைத்தான் போட்டுக் கொடுப்பார்கள். சத்தில்லாத புளிப்பு மண்ணிலும் பிழைக்கும், அரை நிழலையும் தாங்கும். ஆனால் வேர் ஆழம் போகாது. அதனால் வெயிலில் முதலில் வாடுவது இதுதான்.

இரண்டாவது, பேர்ல் கிராஸ். இது கவ் கிராஸின் குட்டை வகை. உயரமாக வளராததால் அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. நிழலையும் ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, பிலிப்பைன் புல், ஜப்பான் புல் என்று நர்சரிகளில் கேட்டு வாங்கும் மெல்லிய இலைப் புல். மெத்தை போல அடர்ந்து, மெதுவாக வளரும். முழு வெயில் வேண்டும். ரம்புத்தான் மர நிழலில் போட்டால் நிற்காது.

நான்காவது, நாம் போடாமலே வருவது: அருகம்புல். பிள்ளையாருக்குப் பறிக்கிறோமே, அதேதான். கல்யாண வீட்டில் அருகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை. மேலே காய்ந்தாலும் மண்ணுக்கடியில் தண்டு உயிரோடு இருக்கும். ஒரு மழை கண்டால் எழுந்துவிடும்.

தண்ணீர்: தினமும் தெளிப்பதைவிட வாரம் இருமுறை ஊற்றுவது மேல்

வேலை முடிந்து வந்து, காலணியைக் கழற்றிய கையோடு ஹோஸ் பைப்பைப் பிடித்து ஐந்து நிமிடம் தெளிப்பது பலரின் வழக்கம். மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் புல்லுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அந்தத் தண்ணீர் மண்ணின் மேல் தோலை மட்டும் நனைக்கும். வேர் தண்ணீர் இருக்கும் இடத்தை நோக்கித்தான் வளரும். மேலேயே நனைத்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். மறுநாள் மதிய வெயில் அந்த மேல் மண்ணைத்தான் முதலில் சுட்டெடுக்கும். அந்தி நேரத்தில் நனைத்தால் இன்னொரு தொல்லை: இரவு முழுக்க இலை ஈரமாகவே இருந்து பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

நம் வெயிலில் புல்தரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக விடுகிறது. மழையே இல்லாத வாரத்தில் 25 மில்லிமீட்டர் கொடுத்தால் போதும். கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். வரிசை வீட்டு வாசலில் 10 அடிக்கு 15 அடி புல் இருந்தால், அது ஏறக்குறைய 14 சதுர மீட்டர். வாரத்துக்கு 350 லிட்டர். அதை இரண்டாகப் பிரித்து, தடவைக்கு 175 லிட்டர் ஊற்றுங்கள்.

உங்கள் குழாயில் எவ்வளவு வருகிறது என்று தெரியாதா? 10 லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். 40 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். அப்படியானால் ஒரு தடவைக்கு 12 நிமிடம். தெளிப்பான் வைத்திருப்பவர்கள் காலி சார்டின் டின் ஒன்றைப் புல்லின் நடுவில் வைத்து, அதில் ஒரு விரல்கணு அளவுக்கும் சற்றுக் குறைவாக, அதாவது 12 மில்லிமீட்டர் தேங்கியதும் நிறுத்தலாம்.

ராசா பக்கத்துச் செம்மண் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஒரே மூச்சில் ஊற்றினால் பாதி வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். ஆறு நிமிடம் ஊற்றி, காப்பி குடித்துவிட்டு வந்து, மீதி ஆறு நிமிடம் ஊற்றுங்கள். நேரம், காலை ஏழு மணிக்குள் என்றால் நல்லது.

புல்லுக்குத் தாகம் எடுத்துவிட்டதா என்று அதன் மீது நடந்து பார்த்தே சொல்லிவிடலாம். நடந்த பிறகு கால் தடம் நிமிராமல் அப்படியே கிடந்தாலோ, இலை நெடுக்காக மடிந்து சாம்பல் பூத்த நிறம் காட்டினாலோ, அடுத்த நாள் காலை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பொருள். அந்த அடையாளம் இல்லாவிட்டால் ஊற்ற வேண்டியதில்லை.

குழாயில் தண்ணீர் இல்லாதபோது

பங்கீடு வந்துவிட்டால் மனிதர்களுக்குப் பிறகுதான் புல். அப்போது அதைப் பச்சையாக வைத்திருக்க முயல வேண்டாம், உயிரோடு வைத்திருந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 மில்லிமீட்டர், அதாவது நம் 14 சதுர மீட்டருக்கு 140 லிட்டர். இலை காய்ந்தாலும் கணுக்கள் பிழைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் புல்லின் மீது காரை ஏற்றாதீர்கள். உரமும் போட வேண்டாம்.

அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், மழைத் தண்ணீர் மூன்றும் புல்லுக்கு நல்லவை. துணி துவைத்த முதல் தண்ணீரில் சோப்பும் உப்பும் அதிகம், அதை விட்டுவிடுங்கள். கடைசியாக அலசிய தண்ணீரை எப்போதாவது ஊற்றலாம்.

தொட்டியில் தண்ணீர் பிடித்து வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதன் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் காத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தொட்டியை மெல்லிய வலையால் இறுகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975இலிருந்து நடப்பில் இருக்கிறது. வீட்டில் புழு கண்டால் 500 வெள்ளி வரை அபராதம் வரும். டிங்கி வந்தால் இழப்பு அதைவிடப் பெரிது.

மொட்டை அடிக்காதீர்கள்

மாதம் ஒருமுறை தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு வரும் புல்வெட்டுக்காரரிடம் நான் முதலில் சொல்வது, "அண்ணே, மொட்டை அடிச்சிடாதீங்க" என்பதுதான். அடுத்த மாதம் வரை வளராமல் இருக்கட்டும் என்று அவர்கள் மண் தெரிய வெட்டுவார்கள். சில வீட்டுக்காரர்களே அப்படிக் கேட்பதும் உண்டு. மழைக்காலத்தில் புல் அதைத் தாங்கும். வெயில் காலத்தில் தாங்காது.

காரணம் எளிது. புல்லுக்கு இலைதான் அடுப்பங்கரை. அதை ஒட்ட வெட்டினால் சமையல் நின்றுவிடும். வேருக்குச் சாப்பாடு போகாது. மண்ணுக்கு நிழலும் போய்விடும். வெயில் நேரே மண்ணைச் சுட, களை விதைகள் முளைக்க இடம் கிடைத்துவிடும்.

ஒரு தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. கவ் கிராஸை வெயில் காலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்தில் விடுங்கள். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் வரும் உயரம். பிலிப்பைன், ஜப்பான் புல்லுக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் போதும்.

வெட்டிய புல்லைக் குட்டையாக இருந்தால் அங்கேயே உதிர விடுங்கள். ஒரு வாரத்தில் மக்கிவிடும். ஆண்டு முழுக்க அப்படிச் செய்தால், புல்லுக்குத் தேவையான உரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதிலிருந்தே கிடைத்துவிடும். நீளமாக இருந்தால் கூட்டி, வாழைமரத்தடியில் போடலாம். கொளுத்த வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. காய்ந்த காலத்துத் தீ எங்கே போய் நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

அம்மாவும் பாராகுவாட்டும்

இப்போது அந்த மருந்துப் போத்தலுக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா தோட்டத்தில் களை மருந்து அடித்தவர். விடியற்காலை பிரட்டுக்குப் போய், முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, கித்தா மரங்களுக்கு நடுவே வரிசை வரிசையாக நடப்பார். பின்னாளில் கித்தா போய்ச் செம்பனை வந்தபோதும் அதே வேலை. முகத்தில் ஒரு துண்டு, கையில் ஒன்றுமில்லை. பம்பு ஒழுகி முதுகு நனையும். மாலையில் லயத்து வீட்டுக்கு வந்தால் முதலில் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்வார். குளித்துவிட்டு வந்த பிறகுதான் தம்பியைத் தூக்குவார். அவர் கை விரல் நகங்கள் நிறம் மாறி, சில விழுந்து, கோணலாக முளைத்தன. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன. மூக்கில் இரத்தம் வருவதை அந்தப் பெண்கள் ஒரு நோயாகக் கூடப் பேசிக்கொண்டதில்லை. "மருந்துச் சூடு" என்பார்கள்.

அவர்கள் அடித்த மருந்துகளில் முக்கியமானது பாராகுவாட். 1962இல் விற்பனைக்கு வந்தது. பச்சை இலையில் பட்டால் சில மணி நேரத்தில் கருக்கிவிடும். உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. நம் நாட்டுத் தோட்டங்களில் இதை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நம்மவர்கள் ஏராளம்.

ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனகனித்தா அமைப்பு, தோட்டப் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை நடப்புக்கு வந்தது. அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் இடையில் ஏறக்குறைய 18 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் யாரோ ஓர் அம்மா முதுகு நனைய நடந்துகொண்டுதான் இருந்திருப்பார்.

இன்று கடையில் பரவலாகக் கிடைப்பது கிளைபோசேட். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் அதை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற வகையில் சேர்த்தது. பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் வீட்டு வாசலுக்கு ஒரு விஷயம் தெளிவு: அது களையையும் புல்லையும் பிரித்துப் பார்க்காது. பச்சையாக இருக்கும் எதையும் கொல்லும். அந்த இடத்தில் வெறும் மண் மிஞ்சும். வெறும் மண்ணில் முதலில் முளைப்பது களைதான்.

பாராகுவாட் மிச்சம் இருக்கிறது என்று யாராவது தெரிந்தவர் பழைய தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் கையால் தொடாதீர்கள். பெயர்ச் சீட்டு இல்லாத எந்த மருந்தும் வீட்டுக்குள் வரக் கூடாது. குழந்தைகள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடும் ஆபத்து அதில்தான் அதிகம். அப்படி ஏதும் நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை தருகிறது.

களையைக் கையால் வெல்லலாம்

வரிசை வீட்டு வாசல் ஒரு தோட்டம் அல்ல. 14 சதுர மீட்டரில் இருக்கும் களையை இரண்டு பேர் அரை மணி நேரத்தில் பிடுங்கிவிடலாம். தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலை மண் இளகியிருக்கும்போது உட்காருங்கள்.

தொட்டாச்சிணுங்கியைப் பூப்பதற்கு முன் வேரோடு எடுங்கள். கால்சட்டையில் ஊசியாக ஒட்டும் கெமுன்சுப் புல்லைக் கதிர் விடும் முன் வெட்டுங்கள். லாலாங் மட்டும் கொஞ்சம் வம்புக்காரன். மேலே எரித்தாலும் வெட்டினாலும் மண்ணுக்கடியில் வெள்ளைத் தண்டு உயிரோடு இருக்கும். முள்கரண்டி மண்வெட்டியால் கிளறி, அந்தத் தண்டைத் துண்டு விடாமல் பொறுக்க வேண்டும். லாலாங்குக்கு நிழல் ஆகாது. அதனால்தான் அந்தக் காலத்துத் தோட்டங்களில் இளம் கித்தா வரிசைகளுக்கு நடுவே கொடிப்பயிர்களை மூடாக்காக வளர்த்தார்கள். வாசலில் அதே வேலையை அடர்ந்த புல்லே செய்துவிடும். புல்லை உயரமாக விடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அம்மா இப்போதும் காலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து களை பிடுங்குகிறார். அருகம்புல்லை மட்டும் தனியே கிள்ளித் தட்டில் வைப்பார். "மருந்து படாத புல்லு, சாமிக்கு ஆகும்" என்பார். எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குப் புல் கடையில் வாங்குவதில்லை.

இன்னொரு தொல்லை, புழு. புல் திட்டுத் திட்டாகக் கடித்தது போல் இருந்து, மைனாக்கள் கூட்டமாக வந்து கொத்தினால் சந்தேகப்படுங்கள். நாலு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, ஒரு சதுர மீட்டரில் ஊற்றிப் பாருங்கள். புழு இருந்தால் பத்து நிமிடத்தில் மேலே வரும். ஒன்றிரண்டு என்றால் மைனாக்களே பார்த்துக்கொள்ளும்.

சிமெண்ட் போடுவதற்கு முன்

வேலைக்குப் போகும் இளம் தம்பதியருக்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் சிமெண்டுக்கும் ஒரு விலை உண்டு. பகல் முழுக்க வெயிலை வாங்கி, இரவில் அதை வீட்டுக்குள் திருப்பி அனுப்பும். பெருமழையில் ஒரு சொட்டும் மண்ணுக்குள் போகாமல் சாலைக்கு ஓடும். ஒவ்வொரு வீடும் அப்படிச் செய்தால் வரிசையின் கடைசி வீட்டுக்காரர்தான் வெள்ளத்தைச் சுமப்பார். கார் நிறுத்த இடம் வேண்டுமென்றால் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல் பதியுங்கள். நடுவில் புல் இருக்கட்டும்.

உரம் போட அவசரப்பட வேண்டாம். காய்ந்த புல்லில் உரம் போட்டால் கருகும். ஏப்ரல் மழை இரண்டு மூன்று பெய்த பிறகு, 15:15:15 உரத்தைச் சதுர மீட்டருக்கு 30 கிராம் தூவித் தண்ணீர் ஊற்றுங்கள். நம் 14 சதுர மீட்டருக்கு 400 கிராமும் கொஞ்சமும். சொட்டை விழுந்த இடத்தில் மண்ணை முள்கரண்டியால் குத்தித் தளர்த்தி, ஓரத்திலிருந்து கவ் கிராஸ் ஓடுதண்டுகளை எடுத்து ஒரு சாண் இடைவெளியில் ஊன்றுங்கள். மழைக்காலத்தில் அவை தாமாக ஓடிப் பிடித்துக்கொள்ளும். புதுப் புல் வாங்கும் செலவு மிச்சம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வேலைகள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாளியை வைத்துக் குழாயின் வேகத்தை அளங்கள். தீப்பெட்டியை நிறுத்திப் புல்லின் உயரத்தைப் பாருங்கள். ஸ்டோரில் பெயர்ச் சீட்டு இல்லாத போத்தல் ஏதும் கிடக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மூடி திறக்காமல் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, எப்படி ஒப்படைப்பது என்று விவசாய இலாகாவைக் கேளுங்கள். இந்த மூன்றில் முதல் இரண்டு புல்லைக் காப்பாற்றும். மூன்றாவது அந்தப் புல்லில் விளையாடும் பிள்ளைகளைக் காப்பாற்றும்.